காஜிபேட் போனால்தான் கரண்ட்

அடுத்தவர் முட்டியைப் பிடித்தே பிழைத்தவன் நான். காலைப் பிடித்து முன்னுக்கு வந்தவர்கள் நாட்டில் ஏராளம். முட்டியைப் பிடித்தும் இருந்த இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செகந்திராபாத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் உதவியாளனாக இருந்தேன். தேய்ந்த முட்டிகளுக்குக் கரண்ட் வைப்பது, பயிற்சி செய்ய வைப்பது, துண்டு மடிப்பது, மெஷினைத் துடைப்பது என்று என் காலம் போயிற்று.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் என் வலது முட்டியும் தேய்ந்துவிட்டது. மாரெட்பள்ளியில் நான் குடியிருக்கும் அறை மாடியில் இருக்கிறது. படி இறங்கினால் முட்டிக்குள் யாரோ பொரிகடலை மெல்லுகிற சத்தம். தைலம் தேய்த்துப் பார்த்தேன். "தைலம் தோலோட நின்னுடும், சதைதான் வேலை செய்யணும்" என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாய்தான் மேலே இருந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, வேலை பார்த்த இடத்துக்கே நோயாளியாகப் போனேன்.

அங்கே இப்போது தேஜா என்று ஒரு பெண் இருக்கிறாள். வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். பதில் மட்டும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் வரும். நான் இரண்டு கையாலும் தூக்கி வைத்த மெஷின் இன்று தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி அவள் கோட்டுப் பையில் கிடக்கிறது.

"கரண்ட் வச்சிடும்மா" என்று மேஜையில் ஏறிப் படுத்தேன்.

"ஃபர்ஸ்ட் எக்ஸர்சைஸ் அங்கிள். கரண்ட் தர்வாத்த."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நான் இங்க ஸ்டாஃப்மா."

"ரிட்டயர்ட் ஸ்டாஃப்" என்றாள். "காஜிபேட் வரகூ வெள்ளண்டி." காஜிபேட் வரைக்கும் போகவேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிரிவில் முட்டிப் பயிற்சியின் ஒரு முழுச் சுற்றுக்கு இன்னும் 'காஜிபேட்' என்றுதான் பெயர். ஏன் என்று தேஜாவுக்கும் தெரியவில்லை, அவளோடு வேலை செய்பவர்களுக்கும் தெரியவில்லை. நான் இருந்தபோது ஆரம்பித்ததாமே, எழுதிக் கொடுங்கள் என்று தெலுங்கில் கேட்டாள். பயிற்சியிலிருந்து தப்பிக்க வழி கிடைத்ததே என்று உடனே ஒப்புக்கொண்டேன். அப்படித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு நான் வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் எட்டாம் வகுப்பு பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. அப்புறம் லாரி கிளீனர், நாக்பூரில் ஆரஞ்சு மூட்டை, சூரத்தில் சாயப்பட்டறை, விஜயவாடாவில் மெஸ். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்தை முழுசாகப் பார்த்ததில்லை. பசித்த நாட்கள் உண்டு. பசித்தது, பிறகு எங்கேயோ சாப்பிட்டேன், அவ்வளவுதான். விஜயவாடாவில் டிக்கெட் இல்லாமல் பம்பாய் வண்டி ஏறியவனை டி.டி.இ. செகந்திராபாத்தில் இறக்கிவிட்டார். அவர் தயவில் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

அமீர்பேட்டில் கோச்சிங் படிக்கிற பையன்கள் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். ஒருநாள் எக்ஸ்ரேவுக்குப் போகவேண்டிய ஆளை பிசியோதெரபிக்குள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டேன். போர்டு இங்கிலீஷில் இருந்தது. நான் நம்பிக்கையோடு தள்ளினேன். உள்ளே இருந்த வசுந்தரா மேடம் அந்த ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரை எக்ஸ்ரேல விடு. சாயந்திரம் நீ மட்டும் வா" என்றார். வேலை போயிற்று என்று மூட்டை கட்டும் மனநிலையோடு போனேன். மூட்டை கட்டுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் மேடத்துக்கு மெஷின் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

வசுந்தரா மேடம் வாரங்கல் பக்கத்துக்காரர். பிசியோதெரபிப் பிரிவு அவர் பொறுப்பு. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாம்தான் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸ் நோயாளிகளிடம் தமிழ் கற்றுக்கொண்டார். அந்தத் தமிழில் கால்வாசி இந்த ஊர் உருது கலந்திருக்கும். அதை எனக்குத் தமிழ் என்றே சொல்லித் தருவார். நோயாளி உள்ளே நுழையும்போது முட்டியைப் பார்க்க மாட்டார். வாசலில் செருப்பு கழற்றுவதைப் பார்ப்பார். எதைப் பிடித்துக்கொள்கிறார்கள், எந்தக் காலில் நிற்கிறார்கள், குனிகிறார்களா, காலாலேயே உதறிவிடுகிறார்களா. அவர்கள் வந்து உட்காருவதற்குள் மேடத்துக்குப் பாதி தெரிந்திருக்கும்.

அங்கே வேலைக்கு யார் வந்தாலும் முதல் கரண்ட் அவரவர் முட்டியில்தான். என்னைப் படுக்கவைத்து மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். தோலை ஈரப் பஞ்சால் துடை. பஞ்சால் தொட்டுத் தெரிகிறதா என்று கேள். மரத்துப்போன தோலில் கரண்ட் வைக்காதே. நெஞ்சில் மெஷின் வைத்தவரா என்று கேட்காமல் ஸ்விட்ச் பக்கம் போகாதே. ரப்பர் பட்டையில் ஜெல்லி தடவு. முட்டிச் சில்லுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். திருகும்போது மெஷினைப் பார்க்காதே, ஆளின் முகத்தைப் பார். முடிந்ததும் பூஜ்யம், அப்புறம் ஸ்விட்ச், கடைசியில்தான் பட்டை.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்று ஸ்விட்சைப் போட்டேன். திருகு பூஜ்யத்தில் இல்லை. என் கால் எனக்குச் சொல்லாமலே எழுந்து பஞ்சுத் தட்டை உதைத்தது. பறந்த ஸ்பிரிட் பாட்டிலை மேடம் ஒரு கையால் பிடித்தார்.

"இனிமே ஞாபகம் இருக்குமா?"

"சாகிற வரைக்கும் மேடம்."

"சரி. அதுக்கு முன்னாடி டீ வாங்கிட்டு வா" என்றார்.

மேடம் எல்லா நோயாளிக்கும் சொல்கிற பாடம் ஒன்றுதான். முட்டியில் தேய்ந்த ஜவ்வு திரும்ப வளராது. ஆனால் தொடைச் சதை வலுவானால் முட்டிமேல் விழுகிற பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். கரண்ட் என்ன செய்யும்? வலி மூளைக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம் கூட்டத்தைக் கூட்டிவிடும். அந்தக் கொஞ்ச நேர நிம்மதி நல்லதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

நோயாளிகளுக்கு இந்தப் பாடம் தலைகீழாகத்தான் போய்ச் சேரும். பயிற்சி என்றால் ஆஸ்பத்திரியே வேலை வாங்குகிற மாதிரி. கரண்ட் என்றால்தான் வைத்தியம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திருகின் எண்ணை ஒப்பிட்டுக்கொள்வார்கள். "நாகு ஆறு பெட்டினாரு" என்று, தனக்கு ஆறு வைத்ததை ஒரு தெலுங்கம்மா சொன்னால், பக்கத்தில் இருக்கிற பர்தா போட்ட அம்மா "முஜே சாத்", எனக்கு ஏழு, என்பார். ஐந்து வைக்கப்பட்டவர் தலையைக் குனிந்துகொள்வார். எண் கூடக் கூட நோயும் பெரிது, மரியாதையும் பெரிது. உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டால், எறும்பு ஊருகிறது என்பார் ஒருவர், கடுகு வெடிக்கிறது என்பார் ஒருவர், சோடா குடிக்கிற மாதிரி என்பார் இன்னொருவர். பயிற்சி எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு மழைக்காலத்தில் எஸ்தர் அம்மா வந்தார். கூடவே அவர் கணவர் பாக்கியநாதன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து கொடி காட்டுகிற வேலை; இப்போது அதற்கு டிரெயின் மேனேஜர் என்று பெயராம், அவருக்கு அது பிடிக்காது. அவர் தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து இங்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம்.

எஸ்தர் அம்மா வாசலில் கதவைப் பிடித்து, கணவர் தோளைப் பிடித்து, செருப்பைக் காலாலேயே உதறினார். மேடம் பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ண முடியல?" மேடம் எங்கே வலி என்று முதலில் கேட்க மாட்டார்.

"சர்ச்சுல கேலரி ஏற முடியல டாக்டர்" என்றார் எஸ்தர் அம்மா. "கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நான் மேலதான் பாடறேன். பாடற கூட்டம், கொயர், மேலதானே இருக்கு. இப்போ கீழ முன் பெஞ்சுல உட்கார்ந்து பாடறேன். மேல இருக்கறவங்க சத்தம் எனக்கு லேட்டா வருது. நான் அவங்களுக்கு முந்திப் போறேன். ஊரே திரும்பிப் பாக்குது."

"தனியாப் போற என்ஜின்" என்றார் பாக்கியநாதன்.

"நீங்க சும்மா இருங்க. கொயர் நடத்தற தம்பி ஆல்வின், நாகர்கோவில் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி. மரியாதையாத்தான் சொல்றாரு. ஆன்ட்டி, நீங்க கீழேர்ந்து மனசுக்குள்ள பாடுங்கன்னு."

மேலே அவர் நாற்காலி காலியாக இருக்கிறது, புதிதாக வந்த பெண் ஒருத்தி அதற்குக் காத்திருக்கிறாள் என்றும் சொன்னார். மேடம் பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்தார். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பிடிப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. பயிற்சி முடிந்த பிறகு கரண்ட்.

இங்கேதான் என் வாய் குறுக்கே வந்தது. கரண்ட் வைத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அம்மா கேட்டார், "ஏன் சண்முகம், இது எவ்ளோ நேரம் தாங்கும்?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். அது போட்டவனுக்குத் தெரியாது என்ற சொல் வராது. "ஒரு ஆராதனை நேரம் தாங்கும்மா" என்றேன், சர்ச் பக்கமே போகாதவன்.

அடுத்த ஞாயிறு காலை, மேடம் இல்லாத நேரம், எஸ்தர் அம்மா பட்டுப்புடவையில் வந்தார். பயிற்சியைச் சாயந்திரம் வீட்டில் செய்துகொள்வதாகவும், இப்போது கரண்ட் மட்டும் போதும் என்றும் சொன்னார். பட்டுப்புடவை கட்டியவரைக் காலைத் தூக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வைத்தேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பெஞ்சில் யாரும் எட்டாத எண்ணுக்குப் போனார். எழுந்து நடந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மலர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பாக்கியநாதன் மட்டும் வந்தார்.

"ஏறிட்டாப்பா" என்றார். "விடுவிடுன்னு ஏறிட்டா. பாடினா பாரு, கீழ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. எல்லாம் நல்லாத்தான் போச்சு. பிரசங்கம்தான் நீண்டுபோச்சு."

"பிரசங்கமா?"

"வெளியூர்ப் போதகர். நோவா பேழையை ஒவ்வொரு பலகையா கட்டினாரு. உன் கரண்ட் பேழைக்குக் கூரை போடறதுக்குள்ள தீந்துபோச்சு. கடைசிப் பாட்டுக்கு எழுந்துக்கறா, முட்டி வரல. இந்தா, இவ்ளோ வீங்கியிருக்கு. எல்லாரும் போனப்புறம் கொயர்ப் பசங்க சேர்ல வச்சு இறக்கினாங்க. அந்தப் படி நடுவுல திரும்புதுல்ல, அங்க சேர் மாட்டிக்கிச்சு. ஒருத்தன் பின்னால எடுன்றான், ஒருத்தன் சாய்ன்றான். நான் கீழ நின்னு ஷண்டிங் பண்ற மாதிரி கை காட்டறேன். ஜனமெல்லாம் வெளிய போகாம நின்னு பாக்குது. அவ கண்ணை மூடிக்கிட்டா."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆல்வின் தம்பி சாயந்திரம் வீட்டுக்கே வந்தாரு. கிறிஸ்துமஸ் ஆராதனைல நீங்களா ஏறி, நீங்களா இறங்கிட்டா சேர் உங்களுக்குத்தான் ஆன்ட்டி, இல்லேன்னா கமிட்டி என்னைக் கேக்கும்னாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? இவ ராத்திரி சாப்பிடல."

மேடம் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னிடம் பேசவே இல்லை. மிக மெதுவாகப் பேசுவதற்கும் அடுத்த படி ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சாயந்திரம் துண்டு மடிக்கும்போது வந்து நின்றார். "கரண்ட் வலியைத்தான் நிறுத்திச்சு. முட்டியை மாத்தல. வலி இல்லாத முட்டின்னு நம்பி ஏறிட்டாங்க. நீயும் நம்பிட்ட." இவ்வளவுதான். பிறகு, "அவங்க பயிற்சி இனி உன் பொறுப்பு" என்றார்.

வீக்கம் வற்ற ஐஸும் ஓய்வும் கொடுத்தோம். பிறகு பயிற்சி ஆரம்பமாயிற்று. எஸ்தர் அம்மா படுத்துக் காலைத் தூக்குவார். பக்கத்து ஸ்டூலில் பாக்கியநாதன் உட்கார்ந்து பத்து வரை எண்ணுவார். கால் பத்து வரை மேலேயே நிற்க வேண்டும். நானும் பொறுப்பாகப் பக்கத்தில் நின்றேன். மேடம் ஒருநாள் வந்து எஸ்தர் அம்மாவின் தொடைமேல் உள்ளங்கையை வைத்தார். சதை இறுகும்போது கைக்குள் மீன் திரும்புகிற மாதிரி இருக்கவேண்டும் என்பார் அவர்.

"மீன் முழிக்கவே இல்ல" என்றார் மேடம். "எண்ணுங்க சார், கேப்போம்."

"ஒண்ணுரெண்டுமூணுநாலு..." பாக்கியநாதன் எண்ணியது எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்ற என் காதில் அது விழவே இல்லை.

"கைக்கு சார், ஏன் இவ்ளோ ஜல்தி?" என்றார் மேடம்.

"அவளுக்குக் கால் நடுங்குது டாக்டர். பாக்க முடியல. சீக்கிரம் முடிச்சுக் கொடுத்துடலாம்னு..."

எஸ்தர் அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "நாப்பது வருஷமா நான் ராத்திரி உங்க வண்டிக்குக் காத்திருந்தேனே, அப்போல்லாம் சீக்கிரம் வரல. இப்போ என்ன அவசரம்?"

மேடம் சிரிக்காமல் கேட்டார். "சார், நீங்க கார்டு. சிக்னல் வராம வண்டி எடுத்திருக்கீங்களா?"

"சர்வீஸ்ல ஒரு தடவை கூட இல்ல."

"அப்போ நம்பர் நக்கோ, வேணாம். உங்களால ஏமாத்த முடியாத ஏதாவது வச்சு எண்ணுங்க."

பாக்கியநாதன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "தூக்கு எஸ்தர். செகந்திராபாத் விட்டாச்சு. மௌலா அலி."

அன்றிலிருந்து ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு ஸ்டேஷன்; அவர் சிக்னல் கொடுக்கும்வரை கால் மேலே நிற்கும். மௌலா அலி, சர்லபள்ளி, காட்கேசர், பீபிநகர், போங்கிர் என்று போய், ஆலேர், ஜனகாம், ரகுநாத்பள்ளி, கன்பூர் தாண்டி, காஜிபேட்டில் சுற்று முடியும். அவர் ஓடிய லைன் அது. எதையும் விட்டுவிட்டுப் போக அவர் மனசு இடம் கொடுக்காது. பாசஞ்சர் வண்டி நிற்காத ஸ்டேஷன் உண்டா? என்ன, வேறு ஒரு தொல்லை வந்தது. முதலில் வேகமாக எண்ணியவர் இப்போது வண்டியை எடுக்கவே மாட்டார்.

"பீபிநகர். இங்க ஒருத்தன் சீதாப்பழம் கொண்டு வருவான் சண்முகம். கூடையே மணக்கும். ஒருநாள் என்னாச்சுன்னா..."

"என்னங்க, கால் மேல இருக்கு."

"இரு, சிக்னல் விழல. அந்தக் கூடைக்காரன் இருக்கானே..."

"காலை இறக்கட்டுமா, இல்ல நீங்க பழம் தின்னுட்டு வரீங்களா?"

"ரைட்! இறக்கு. போங்கிர் வருது, தூக்கு."

மேடம் தொடையில் கை வைத்துப் பார்த்தார். மீன் திரும்பியது.

இன்னொன்றையும் மேடம்தான் கவனித்தார். எஸ்தர் அம்மா காலைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இத்தனை வருஷம் பாடியவர் மூச்சைப் பிடிப்பதா? அதனால் ஸ்டேஷன் பெயரைக் கணவர் சொல்லக் கூடாது, எஸ்தர் அம்மாவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கணவர் சிக்னல் மட்டும் கொடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களுக்கும் இது தொற்றிக்கொண்டது. பர்தா அம்மா காஜிபேட் போனார். ஆறு எண் தெலுங்கம்மா, "மாதி வாரங்கல், எங்க ஊர் வரைக்கும் இன்னும் ரெண்டு ஸ்டேஷன் சேத்துக்கறேன்" என்று பீற்றிக்கொண்டார். பெஞ்சில் இப்போது திருகின் எண்ணை யாரும் கேட்பதில்லை, "எந்த ஸ்டேஷன்?" என்றுதான் கேட்டார்கள். ஆலேரில் இறங்கிவிடுகிறவர்களுக்கு மரியாதை குறைவு.

எல்லாம் ஏறுமுகமாக ஓடவில்லை. ஜனகாமில் எஸ்தர் அம்மா வாரக்கணக்கில் நின்றார். அதற்கு மேல் கால் வராது. கணுக்காலில் மணல் பை கட்டியபோது அழுதே விட்டார். "அந்தச் சேரை அந்தப் பொண்ணுக்கே குடுத்துடச் சொல்லுங்க" என்று ஒருநாள் வராமலும் இருந்துவிட்டார். மேடம் என்னை அவரைப் பார்த்து வர அனுப்பினார். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். கிளம்பும்போது, சும்மா இருக்கவேண்டாமே என்று, கை ஊன்றாமல் எழுந்து காட்டப் பார்த்தேன். பாதியில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். முட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். எஸ்தர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் எதிரில், கை ஊன்றாமல், எழுந்து நின்று காட்டினார். மறுநாள் வந்துவிட்டார். மேடம் என்னைப் பாராட்டினார். என்ன செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் மரப்பெட்டிப் படியில் பழகினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எஸ்தர் அம்மாவுக்கு இது மனசில் நிற்கவே இல்லை. பாக்கியநாதன்தான் வழி சொன்னார். "மேட்டுல இழுக்கறதுக்குப் புது என்ஜின். இறக்கத்துல பழசை முன்னாடி விடு, புதுசு பின்னால பிரேக் பிடிக்கும்." அதற்கப்புறம் மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலை நான் முதல்முறையாக அந்தச் சர்ச்சுக்குள் போனேன். மேடம் அனுப்பியிருந்தார். "பின்னால ஏறு. தொடாதே. விழுந்தா மட்டும் பிடி" என்பது உத்தரவு. கரண்ட் கிடையாது, அன்றைக்கு வேண்டாம் என்று எஸ்தர் அம்மாவே சொல்லிவிட்டார். குறுகலான மரப்படி. இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை வைத்தார்.

"மௌலா அலி" என்றார், தனக்குள் பேசுவதுபோல.

அடுத்த படி சர்லபள்ளி. நான் பின்னால் கையை விரித்தபடி ஏறினேன். கோழி பிடிக்கிறவன் மாதிரி இருந்திருப்பேன். படி திரும்புகிற இடத்தில், அன்று நாற்காலி மாட்டிய இடத்தில், நின்றுவிட்டார். மேலே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. ஆல்வின் எட்டிப் பார்த்தான். கீழே பாக்கியநாதன் கழுத்தை உயர்த்திப் பார்த்தார். எஸ்தர் அம்மாவின் புறங்கழுத்தில் வியர்வை. வலியா, மூச்சா, அன்றைய நினைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளுக்குள் பேர் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், இடம் பார்க்கவில்லை.

"ஜனகாம்" என்றார் அவர். ஒரு மூச்சு விட்டார். "ரகுநாத்பள்ளி." கால் எழுந்தது.

மேலே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது. எல்லோருடைய குரலும் ஒரே நேரத்தில் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ஏறுவது பாதிதானே. ஆராதனை முடிந்து கீழே கேக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொயர்ப் பிள்ளைகள் எஸ்தர் அம்மாவுக்குப் பின்னால் வரிசையாகத் தேங்கி நின்றார்கள். முதல் படியில் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆன்ட்டி, சேர் கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றான் ஆல்வின். நல்லெண்ணத்தோடுதான் கேட்டான்.

"நக்கோ."

வலிக்கிற கால் முதலில் இறங்கியது. அன்று பார்த்த அதே ஜனம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தது. திரும்புகிற இடத்தில் நிற்கவில்லை. கடைசிப் படிக்கு எதிரில் பாக்கியநாதன் பச்சைக் கைக்குட்டையை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டிருந்தார். கண் தெரியாத அளவுக்கு அழுதுகொண்டிருந்தார்.

"போதும் அதை உள்ள வைங்க. ஊரே சிரிக்குது" என்றார் எஸ்தர் அம்மா, தரையில் இரண்டு காலையும் வைத்து. பிறகு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"சண்முகம், நாளைக்கு ஆஸ்பத்திரி இருக்குல்ல? கரண்ட் ஒம்பது வைப்பியா?"

மேடத்திடம் சொன்னேன். "வை" என்றார். "சம்பாதிச்சிருக்காங்க."

பாக்கியநாதன் இப்போது இல்லை. எஸ்தர் அம்மாவுக்கு வலி முழுசாகப் போகவில்லை, போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மழை நாளில் கூடும், வெயிலில் குறையும். ஞாயிறுதோறும் ஏறுகிறார். படியில் அவர் உதடு அசைவதைப் பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டு போய் தேஜாவிடம் கொடுத்தேன். மொபைலில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். இதுதான் சமயம் என்று நான் மேஜையில் ஏறி, பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டேன்.

"கரண்ட் வச்சிடலாமா தேஜா?"

அவள் துண்டைச் சுருட்டி என் முட்டிக்கடியில் வைத்தாள். தொடைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தூக்குங்க அங்கிள்" என்றாள், தமிழில். "மௌலா அலி."